நிவாரணப் பணம் வயலுக்கு வந்து சேர்கிறதா?

புயலும் வெள்ளமும் வந்து போன பிறகு கிராமத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு விதம். ரசீதுப் புத்தகத்துடன் வசூலுக்கு வருகிறவர்கள் இன்னொரு விதம். சிறு விவசாயிக்கு இருவரையும் நன்றாகத் தெரியும். தன் வயலில் வெள்ளம் புகுந்த வருஷம் அவர் கை நீட்டி வாங்குகிறார். அடுத்த மாவட்டத்தில் புகுந்த வருஷம் ஒரு மரக்கால் நெல்லோ, நூறு இருநூறு ரூபாயோ அவரும் கொடுக்கிறார். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அவர் மனதில் ஒரே கேள்விதான். தர்மத்துக்கென்று வசூலான பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா, நடுவில் எங்காவது நின்று விடுகிறதா?

திருவண்ணாமலை வட்டாரத்து விவசாயிகளுக்கு 2024 டிசம்பரில் இந்தக் கேள்வி வாசலுக்கே வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 51 செ.மீ. மழை, அடுத்த நாள் ஊத்தங்கரையில் 50 செ.மீ. டிசம்பர் 1 மாலை அண்ணாமலையார் மலைச் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீடுகளின் மேல் விழுந்தன. குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அன்று இரவு சாத்தனூர் அணைக்கு வந்த வெள்ளத்தைத் தேக்க முடியாமல், விடிவதற்குள் தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி வீதம் தண்ணீர் திறந்து விடப்பட்டது. தண்டராம்பட்டுப் பக்கம் தொடங்கி திருக்கோவிலூர், திருவெண்ணெய்நல்லூர் வழியாகக் கடலூர் வரை ஆற்றோர நிலங்களில் ஓடியது ஆறா வயலா என்று தெரியாத நிலை. முன்னெச்சரிக்கை போதுமான அளவு தரப்பட்டதா என்பது அப்போது பெரிய சர்ச்சையாயிற்று. அதை இங்கே எடுக்கவில்லை. வெள்ளம் வடிந்த பின் நடந்ததைத்தான் பார்க்கப் போகிறோம்.

கண் முன்னே நடக்கும் தர்மம்

திருவண்ணாமலைக்கு தர்மம் புதிது அல்ல. பௌர்ணமிதோறும் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை இடத்தில் அன்னதானம் நடக்கிறது என்று வந்து போகிறவர்களுக்குத் தெரியும். கார்த்திகை தீபம் என்றால் சொல்லவே வேண்டாம். செங்கம், கலசப்பாக்கம் பக்கத்து விவசாயிகள் அரிசியும் காய்கறியும் வண்டியில் கொண்டு வந்து இறக்குவது பழைய வழக்கம். அந்தத் தர்மத்தில் கணக்குக் கேட்பவர் யாரும் இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அரிசி உலையில் விழுவதைக் கொடுத்தவர் பார்க்கிறார். இலையில் சோறு விழுவதை வாங்கியவர் பார்க்கிறார். அப்படியிருந்தும் தீபத் திருவிழாவில் அன்னதானம் செய்ய உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டிப் பதிவு செய்து, குறித்த இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஒரு வேளைச் சோற்றுக்கே இத்தனை ஒழுங்கு.

பேரிடர் நிவாரணத்தில் நிலைமை தலைகீழ். மதுரையில் ஒருவர் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் தண்டராம்பட்டில் என்னவாகிறது என்பதை அவர் பார்க்கப் போவதில்லை. தண்டராம்பட்டில் போர்வை வாங்கும் அம்மாளுக்கு அது யார் பணம், எவ்வளவு வந்தது, தனக்கு எவ்வளவு என்பது தெரியாது. நடுவில் இருக்கும் ஸ்தாபனத்துக்கு மட்டுமே இரு பக்கமும் தெரியும். அது யோக்கியமான ஸ்தாபனமாக இருந்தாலும், யோக்கியம் என்று தெரிந்துகொள்ள நமக்கு வழி இல்லை. சந்தேகம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

ரூபாயில் எத்தனை காசு?

நம்மவர்கள் வழக்கமாகக் கேட்பது, "ரூபாய்க்கு எத்தனை காசு ஏழைக்குப் போகிறது?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கு வரும் பதிலை அப்படியே நம்பிவிடக் கூடாது.

உலகத்திலேயே பெயர் பெற்ற தர்ம ஸ்தாபனம் ஒன்றின் கதையைப் பாருங்கள். 2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டில் பூகம்பம் வந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் மக்களிடமிருந்து ஏறக்குறைய 50 கோடி டாலர் திரட்டியது. 2015-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் அந்தக் கணக்கைத் தோண்டிப் பார்த்தார்கள். அந்தச் சங்கம் அங்கே புதிதாகக் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு என்று எழுதினார்கள். சங்கம் மறுத்தது. நிலத்துக்குப் பட்டா கிடைக்கவில்லை, அதனால் வீடு கட்டுவதை விட்டுப் பழுது பார்த்தல், தற்காலிக இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றில் செலவிட்டோம், டாலருக்கு 91 சென்ட் ஹைத்திக்கே போனது என்றது. அடுத்த வருஷம் அமெரிக்க செனட்டர் ஒருவரின் அறிக்கை, மொத்தத்தில் கால் பங்கு நிர்வாகத்துக்கும் வசூலுக்கும் போய்விட்டதாகச் சொல்லிற்று.

ஒரே பணத்துக்கு இரண்டு கணக்கு எப்படி வந்தது? பெரிய சங்கம் தன் செலவை எடுத்துக்கொண்டு மீதியை இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கொடுத்தது. அந்த ஸ்தாபனமும் அலுவலகம், கார், சம்பளம் என்று தன் செலவை எடுத்துக்கொண்டது. முதல் ஸ்தாபனத்தின் கணக்கில் இரண்டாவது ஸ்தாபனத்துக்குக் கொடுத்ததெல்லாம் "ஏழைக்குச் செலவு" என்றே எழுதப்படும். மண்டியில் நம் சரக்கு கை மாறும்போது ஒவ்வொரு கையும் தரகு எடுப்பது போலத்தான். கடைசியில் விளைவித்தவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்று முதல் தரகரின் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடை பற்றிய சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்று இருந்ததை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். ஒரு ஸ்தாபனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கைமாற்றுவதையும் தடை செய்தார்கள். கைமாறும் இடத்தில் கரையும் பணத்துக்கு அணை போட்டாயிற்று என்று இதைப் பாராட்டலாம். ஆனால் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. கிராமத்தில் வேலை தெரிந்த சின்னச் சங்கங்கள் பெரிய ஸ்தாபனம் மூலமாகத்தான் பணம் பெற்று வந்தன. அந்த வழி அடைபட்டது. ஊர் தெரியாத பெரியவர்கள் நேராக வந்து இறங்கினால், ரோட்டோரத்து ஊரோடு திரும்பிப் போவார்கள்.

"நாங்கள் நிர்வாகச் செலவு ஒரு பைசா எடுப்பதில்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வதும் உண்டு. லாரிக்கு டீசல் யார் போட்டார்கள், சேதப் பட்டியல் எழுதினது யார், கணக்கு எழுதினது யார் என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு எழுத ஆளே வைத்துக்கொள்ளாத ஸ்தாபனத்தில்தான் கணக்கு தொலைந்து போகிறது. நூற்றுக்குப் பத்து, பதினைந்து செலவழித்து, சரியான ஆளுக்குச் சரியான பொருளைச் சேர்க்கிற சங்கம், செலவே இல்லாமல் தவறான ஊரில் இறக்கிவிட்டுப் போகிற லாரியைவிட மேல் என்பது என் அபிப்பிராயம்.

திருடாமலே வீணாவது

இது பற்றி அதிகம் பேசுவாரில்லை. பணத்தை யாரும் எடுக்கவில்லை; கணக்கும் சரியாக இருக்கிறது; ஆனாலும் பயன் இல்லை. இப்படியும் நடக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாடெங்கும் இருந்து உதவி வந்தது. பழைய துணி லாரி லாரியாக வந்தது. கட்டிய துணியைக் கொடுக்கிறார்களே என்று மீனவர்கள் வாங்க மறுத்தார்கள். சாலையோரத்தில் மலை போல் குவிந்து மழையில் நனைந்து மக்கிப் போயிற்று. அதை அள்ளிப் போட வேறு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு படகு வந்தது. படகு கொடுத்தால் படம் எடுக்கலாம், பெயர் எழுதலாம். ஒவ்வொரு ஸ்தாபனமும் படகு கொடுக்கப் போட்டி போட்டு, சில ஊர்களில் இழந்ததைவிட அதிகமாகப் படகுகள் சேர்ந்துவிட்டன. எல்லோருக்கும் படகு வந்தபோது படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. பிடிக்க மீனும் போதவில்லை.

அதே நேரத்தில் கடற்கரைக்கு உள்ளே விவசாயக் கூலிகள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் படகு இழக்கவில்லை, வீடும் இழக்கவில்லை. உப்பு நீர் புகுந்து வயல் பாழானதால் அறுப்பு போயிற்று, நடவு போயிற்று, கூலி போயிற்று. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாத இழப்பு. அதனால் முதலில் பட்டியலில் ஏறவில்லை. தலித் குடும்பங்கள் பல இப்படி விடுபட்டன என்று அப்போது ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதே மாவட்டத்தில் நல்லதும் நடந்தது. இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வாரும் அவருடன் சேர்ந்த சங்கங்களும் உப்பேறிய வயல்களைத் திருத்தும் வேலையில் இறங்கினார்கள். கடல் கொண்டு வந்து போட்ட சேற்றை அள்ளி, வடிகால் வெட்டி, ஆழ உழுது, மழை நீரைத் தேக்கி உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதார்கள். படம் எடுத்தால் இதில் என்ன தெரியும்? சேறும் செடியும்தான். ஆனால் பல வருஷம் விளையாது என்று கைவிடப்பட்ட நிலங்களில் மறுபடி நெல் விளைந்தது.

இதே சுனாமியில் பிரான்சில் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற ஸ்தாபனம், ஒரு வாரம் பத்து நாளில், "சுனாமிக்காக எங்களுக்கு வந்த பணம் போதும், இனி வேறு இடத்துத் துன்பத்துக்குக் கொடுங்கள்" என்று அறிவித்தது. மற்ற ஸ்தாபனங்கள் முகம் சுளித்தன. வசூல் நடக்கிற நேரத்தில் போதும் என்று சொல்வதா என்று கேட்டார்கள். அதைவிட நேர்மையான அறிவிப்பை நான் படித்ததில்லை.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்தபோது இதையே வேறு விதத்தில் பார்த்தோம். முதல் வாரம் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் குவிந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து விவசாயிக்குத் தேவைப்பட்டது மரம் அறுக்கும் இயந்திரம். விழுந்த மரத்தை எடுக்காமல் அடுத்த கன்று வைக்க முடியாது. அரசே மரம் ஒன்றுக்கு ரூ.600 என்றும், வெட்டி அகற்ற ரூ.500 என்றும் பிரித்துக் கொடுத்தது. அகற்றுவதற்கு ஏறக்குறைய மரத்தின் விலையே ஆகிறது என்பதை அரசு ஒப்புக்கொண்ட மாதிரி.

ஒரு ஏக்கர் மணல்

மறுபடி தென்பெண்ணைக் கரைக்கு வருவோம். ஃபெஞ்சல் சேதத்துக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் இது: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு எக்டேருக்கு ரூ.17,000; மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் ரூ.22,500, இறந்த மாடு ஒன்றுக்கு ரூ.37,500, ஆடு ஒன்றுக்கு ரூ.4,000, கோழிக்கு ரூ.100. நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமார் ரூ.6,880 வரும். கதிர் வரும் நேரத்தில் மூழ்கிய சம்பாவுக்கு அதுவரை உழவு, நாற்று, நடவு, களை, உரம் என்று போட்ட செலவு உங்களுக்கே தெரியும். ஆகவே பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணம் தர்மம் அல்ல, வரிப் பணம். மாநில பேரிடர் நிவாரண நிதியில் முக்கால் பங்கு மத்திய அரசும் கால் பங்கு மாநில அரசும் போடுகின்றன. 2024 டிசம்பர் 6-ல் மத்திய அரசு தன் பங்காக ரூ.944.80 கோடி விடுவித்தது. 2025 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து மேலும் ரூ.522.34 கோடி ஒதுக்கியது. கேட்டது கிடைக்கவில்லை என்று மாநிலத்தில் குறை உண்டு. ஆனாலும் இந்த நிதிக்கு எழுதிய விதி உண்டு, மத்திய தணிக்கை உண்டு, சட்டசபையில் கேள்வி கேட்க ஆளும் உண்டு.

அந்த விதியில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான விதிகளின்படி, சிறு, குறு விவசாயியின் நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ சேறோ படிந்திருந்தால், அதை அகற்ற எக்டேருக்கு ரூ.18,000 தரலாம். ஆறு திசை மாறி நிலமே அடித்துக்கொண்டு போயிருந்தால் எக்டேருக்கு ரூ.47,000. பயிர்ச் சேதத்துக்கு மனுக் கொடுப்பவர் பலர் இதைக் கேட்பதே இல்லை.

கேட்டு வாங்கினாலும் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மூன்று அங்குல மணல் என்றால் 10,890 கன அடி. டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி என்று கொண்டால், 109 நடை. ஏக்கருக்கு வரும் நிவாரணம் சுமார் ரூ.7,280. ஒரு நடைக்கு 67 ரூபாய்! டீசலுக்குக் காணாது. ஆற்று வண்டல் லேசாகப் படிந்தால் நிலத்துக்கு எரு வைத்த மாதிரி. அதை உழுது விடலாம். மணல் அரை அடி ஏறிவிட்டால் அந்த நிலத்தில் தண்ணீர் நிற்காது, உரமும் தங்காது. அள்ளித்தான் ஆக வேண்டும்.

தர்ம ஸ்தாபனங்கள் நிரப்ப வேண்டிய பள்ளம் இதுதான். வெள்ளம் வந்த முதல் வாரத்தில் சோறும் போர்வையும் வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பத்தாம் நாளிலிருந்து விவசாயிக்கு வேண்டியது வேறு. வைக்கோல் போர் நனைந்து அழுகிப் போயிருக்கும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும். கிணற்று மோட்டாரில் சேறு புகுந்து காயில் எரிந்திருக்கும், அதைக் கட்ட வேண்டும். கிணற்றையே தூர் வார வேண்டியிருக்கும். மார்கழி, தைப் பட்டத்தில் மல்லாட்டை விதைக்கலாம் என்றால் விதைக்காக வைத்திருந்த காய் வீட்டோடு முளைத்திருக்கும். மணல் அள்ள பொக்லைன் மணிக் கணக்கில் வேண்டும். இவற்றை எழுதிக்கொண்டு வருகிற ஸ்தாபனம் எத்தனை? ரோட்டோரத்து ஊருக்கு ஒரே வாரத்தில் நான்கு முறை அரிசிப் பை வரும். உள்ளே இரண்டு கிலோ மீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு எதுவுமே வராது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் மக்கள் உதவி வரவில்லை என்று நெடுஞ்சாலையிலேயே மறியல் செய்தார்கள்.

நேரான திருட்டு

நேராகக் கை வைப்பதும் நடக்கத்தான் செய்கிறது. 2018 கேரள வெள்ளத்துக்கு மக்கள் வாரிக் கொடுத்தார்கள். எர்ணாகுளம் கலெக்டர் அலுவலகத்தில் நிவாரணப் பிரிவில் வேலை பார்த்த ஊழியர் ஒருவர் வேறு சிலருடன் சேர்ந்து, அந்தப் பணத்தைச் சம்பந்தமில்லாதவர் கணக்குகளுக்கு அனுப்பியதாக 2020-ல் வழக்கு வந்தது. கூட்டுறவு வங்கியில் வெள்ளத்தால் பாதிக்கப்படாத ஒருவர் கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல் வந்து விழுந்ததைக் கண்டுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த ஊர் வங்கிக்கு அந்த மனிதரைத் தெரிந்திருந்ததால் பிடிபட்டது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் ஊரில் ஒட்டப்பட்டிருந்தால் வங்கி வரை போயிருக்க வேண்டியதே இல்லை.

அரசின் பெயரைத் தாங்கிய எல்லா நிதிக்கும் ஒரே தணிக்கை என்றும் எண்ண வேண்டாம். 1948-ல் நாட்டுப் பிரிவினை அகதிகளுக்காகத் தொடங்கிய பிரதமர் தேசிய நிவாரண நிதியும், 2020 மார்ச்சில் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதியும் மக்கள் மனமுவந்து தரும் பணத்தில் நடப்பவை. பட்ஜெட் பணம் அல்ல என்பதால் இவற்றின் கணக்கைத் தனியார் தணிக்கையாளர்தான் பார்க்கிறார். பி.எம். கேர்ஸ் தகவல் உரிமைச் சட்டத்தில் வராது என்று மத்திய அரசு சொன்னது. இது சரியா தவறா என்று நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஊர்ச் சங்கத்துக்கு ஒரு நியாயம், பெரிய நிதிக்கு ஒரு நியாயம் என்றிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொடுப்பவர் கேட்க வேண்டியது

வசூலுக்கு வருகிறவரிடம் ரசீது கேட்பதில் கூச்சம் வேண்டாம். ரசீதில் சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் எல்லாம் அச்சாகி இருக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் வரிச் சலுகை ரசீது நமக்கு எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சலுகை நமக்கு வேண்டாம். ஆனால் ரசீது எழுதினால்தான் அந்தப் பணம் அவர்கள் கணக்கில் ஏறும். செல்போனில் பணம் அனுப்பினால், திரையில் வருவது சங்கத்தின் பெயரா, தனி ஆள் பெயரா என்று பார்த்து அனுப்புங்கள். புயல் அடித்த மறுநாளே புதுப் பெயரில் முளைக்கிற வசூல்களை விட்டுவிடுவது நல்லது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவான சங்கம் வருஷந்தோறும் வரவு செலவுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். "போன வருஷக் கணக்கு தாக்கல் செய்தாயிற்றா?" என்ற ஒரு கேள்விக்கே பலர் முகம் மாறிவிடும். மாறாதவருக்கு மனதாரக் கொடுக்கலாம்.

பொருளாகக் கொடுப்பதானால் நம் கையில் உள்ளதையே கொடுக்கலாம். பழைய சேலை வேண்டாம். காய்ந்த வைக்கோல் இரண்டு கட்டு, முளைப்பு பார்த்த விதை நெல், டிராக்டர் வைத்திருப்பவர் ஒரு நாள் உழவு. கஜா சமயத்தில் மரம் அறுக்கும் இயந்திரத்துடன் ஆளாகவே போய் உதவிய இளைஞர்கள் உண்டு. இதில் கணக்குக்கு இடமே இல்லை. அன்னதானம் மாதிரி கண் முன்னே முடிந்துவிடும்.

வாங்குபவர் கேட்க வேண்டியது

இலவசமாக வருவதைக் கேள்வி கேட்கலாமா என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். உங்கள் துன்பத்தைச் சொல்லித்தான் அந்தப் பணம் வசூலாயிற்று. உங்கள் படத்தைக் காட்டித்தான் நன்கொடை வந்தது. ஆகவே கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு. 2015 சென்னை வெள்ளத்தில் தன்னார்வலர்கள் கொண்டு வந்த பொட்டலங்களில் ஆளுங்கட்சியினர் தங்கள் தலைவர் படத்தை ஒட்டுவதாகப் புகார் எழுந்ததே, நினைவிருக்கிறதா? கொடுத்தது யார் என்பதே மறைந்து போனால் கணக்கை யாரிடம் கேட்பது?

ஊருக்கு வருகிற எந்த ஸ்தாபனமானாலும், இந்த ஊருக்கு எவ்வளவு, யார் யாருக்கு என்ன என்று எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் பட்டியல் எழுதுவதைவிட, விவசாயக் கூலி ஒருவர், ஆடு மேய்ப்பவர் ஒருவர், பெண்கள் இருவர் என்று சேர்ந்து எழுதினால் நாகையில் விடுபட்டது போல் விடுபடாது. குத்தகைக்கு உழுகிறவர் பெயர் முக்கியம். அடங்கலில் நிலச் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும். செலவு செய்து நஷ்டப்பட்டவர் குத்தகைதாரர். அரசு நிவாரணத்தில் இவருக்குச் சிக்கல் வரும். தர்ம ஸ்தாபனத்துக்கு அந்தச் சட்டச் சிக்கல் கிடையாது. ஆகவே அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இவரைத்தான்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஏற்பாடு உள்ளது. மழைக் காலம் முடிந்து வருவது ஜனவரி 26 சபை. வெள்ளத்துக்கு வந்த அரசு நிவாரணம், தர்ம நிவாரணம் இரண்டின் பட்டியலையும் அன்று வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம்.

மணல் படிந்த நிலத்துக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மணலை அள்ளுவதற்கு முன் வயலில் நான்கைந்து இடத்தில் குச்சி நட்டு ஆழம் அளந்து, படம் எடுத்து, சர்வே எண், பரப்பு, மணலின் கனம், பயிர், விதைத்த தேதி எல்லாம் எழுதி, சிட்டா நகலுடன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை உதவி அலுவலரிடமும் தனித்தனியே மனுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பயிர்ச் சேதம் ஒரு மனு, மணல் அகற்றுதல் இன்னொரு மனு. அள்ளிய மணலை வயலை விட்டு வெளியே கொண்டு போவதானால் தாசில்தாரிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மணல் கடத்தினதாக வண்டியைப் பிடித்துவிடுவார்கள். அதே மனுவின் இன்னொரு நகலை, ஊருக்கு வருகிற தொண்டு நிறுவனத்தார் கையிலும் கொடுங்கள்.